குடையக்கா திறக்காத பை

ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களைச் சேர்த்து வைக்கிற அறையில் வேலை பார்க்கிறவளிடம் போய், "மனுஷங்களைக் கொஞ்சம் நம்பும்மா" என்று சொன்னால் அவள் சிரிக்காமல் என்ன செய்வாள்? குடையக்கா சிரிப்பாள். சத்தமே வராத சிரிப்பு. சிரித்துவிட்டு, சொன்னவருடைய கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள்.

அந்த அறை கடைசி நடைமேடையின் கோடியில், பார்சல் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருந்தது. கம்பி போட்ட ஒரு ஜன்னல்தான் கவுன்ட்டர். பின்னால் இரும்பு அலமாரிகளில் பைகள், செருப்புகள், மூக்குக் கண்ணாடிகள், யாரோ கழற்றி வைத்துவிட்டு மறந்துபோன பல்செட்டு. ஊன்றுகோல்கள்கூட ஏழெட்டு உண்டு. ஊன்றுகோலை மறந்துவிட்டு எப்படி நடந்து போனார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், போயிருக்கிறார்கள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் நிறைய குடைகள். மழை பெய்தால் போதும், தங்கள் குடை தொலைந்துபோனதாகப் பத்துப் பேருக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிடும்.

வருகிறவரிடம் ஒரு குடையைத் தூக்கிக் காட்டி, "இதுவா பாருங்க" என்று அவள் கேட்டதே கிடையாது. அப்படிக் கேட்டால் எல்லாக் குடையும் எல்லாருடையதும்தான். "சொல்லுங்க" என்பாள். அவ்வளவுதான். பிடி வளைந்ததா, நேரா? கம்பி எதுவும் உடைந்திருக்கிறதா? பை என்றால் இன்னும் விசேஷம். உள்ளே துண்டு இருக்கிறது என்றால் துண்டு என்ன நிறம், நனைந்ததா காய்ந்ததா என்று கேட்பாள். ஒருவர் பொறுமை போய், "ஏம்மா, நான் என்ன திருடனா?" என்று கத்தினார். "அது தெரியாமத்தானே சார் கேக்கறேன்" என்றாள். வந்து சேர்கிற ஒவ்வொரு பையையும் கையுறை போட்டுக்கொண்டு அவளே திறந்து, அடிவரை கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள். திறந்து பார்க்காத பையைப் பற்றி அவள் வாயைத் திறக்க மாட்டாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒரு தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு அவள், அவளுக்கு அவன். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் மாதக்கணக்கில் ஒன்றும் வராது. ஆனால் வராத நாளிலும் அது வீட்டுக்குள் ஒரு ஆளைப் போல உட்கார்ந்திருக்கும். முன்பு வேலை பார்த்த கடையில் ஒரே ஒரு தடவை விழுந்தான். எழுந்தபோது வேலை இல்லை. இப்போது ஒரு சோபா கடையில் உறை தைக்கிறான். கைராசிக்காரன், முதலாளிக்குப் பிடித்துப்போய்விட்டது. முதலாளிக்கு விஷயம் தெரியாது. தெரியக் கூடாது. குடையக்காவின் வாழ்க்கையில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

தம்பிக்காகத்தான் அவள் கைபேசியில் அந்தக் குழுவில் சேர்ந்தாள். வலிப்பு உள்ளவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் சேர்ந்து நடத்துகிற குழு, சில நூறு பேர். எந்த மாத்திரைக்கு வாய் உலரும், விழுந்தவரை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது, மாமியாரிடம் என்ன சொல்லாமல் இருப்பது, எல்லாம் அங்கே கிடைக்கும். சொந்தப் பெயர் மட்டும் கிடைக்காது. ஆரம்பத்தில் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான், முடிவெட்டுகிற ஒருவர் எழுதியதைப் படம் பிடித்து அவருடைய முதலாளிக்கு அனுப்பிவிட்டான். கத்தியும் கையுமாக நிற்கிற தொழில், கேட்க வேண்டுமா? மறுநாளே அவருடைய நாற்காலியில் வேறு ஆள். அதிலிருந்து எல்லாரும் ஏதாவது ஒரு பொருளின் பெயரை வைத்துக்கொண்டார்கள். இவள் கண்ணெதிரே இருந்தது பீப்பாய், 'குடை' என்று வைத்தாள். மரியாதைக்கு அது குடையக்கா ஆயிற்று.

குழுவைக் கவனித்துக்கொள்ள இரண்டு பேர். ஒருவர் கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர், எதற்கும் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாமே என்கிற ரகம். இன்னொருவர் குடையக்கா. ஏன் அவளைப் போட்டார்கள் என்று கேட்கிறீர்களா? வாசலில் யாராவது ஒருத்தர் சந்தேகத்தோடு நிற்க வேண்டாமா!

எல்லாம் ஓரளவு ஓடிக்கொண்டிருந்த இடத்தில் வந்து சேர்ந்தார் ஒருவர். அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'பென்சில்'. ஆனால் வந்த வாரமே எல்லாரும் அவரைப் பேப்பர்காரர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். காரணம், மனிதர் பேசவே மாட்டார். செய்தி போடுவார். காலையில் நான்கு, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல் ஒன்று. 'குளியலறையில் வலிப்பு: இளம்பெண் பலி.' 'முக்கிய மாத்திரைக்குத் தட்டுப்பாடு வருமா?' 'இந்த உணவுமுறையால் வலிப்பு அடியோடு போகும்: ஆய்வில் தகவல்.' வணக்கம் கிடையாது, விளக்கம் கிடையாது. வெறும் இணைப்பு. தட்டினால் பத்திரிகைப் பக்கம் திறக்கும்.

சும்மா படித்துவிட்டுப் போகிற கூட்டமா அது? குளியலறைச் செய்தியைப் பார்த்த அன்று மூன்று வீட்டில் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். உணவுமுறைச் செய்தியைப் படித்த ரெட்டைப்பிள்ளைக்காரி ஒருத்தி, ஒரு பிள்ளைக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியது, ஏதோ நல்ல காலம். அன்றைக்குக் குழு கொதித்தது. செய்தியே வேண்டாம் என்றார்கள் ஒரு பக்கம். செய்திக்கென்று தனி அறை ஒன்று திறந்து, வேண்டியவர்கள் அங்கே போய்ப் படிக்கட்டும் என்றார்கள் இன்னொரு பக்கம். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடலாம் என்றார் டீச்சர்.

குடையக்கா தன் தொழில் முறையையே அங்கேயும் கொண்டுவந்தாள். "எத்தனை செய்தி வேணா போடுங்க. ஆனா அது உங்களுக்கு எந்த வகையில சொந்தம்னு ரெண்டு வரி எழுதணும். சொந்தம் கொண்டாட முடியாத பொருளை இங்க இறக்கக் கூடாது."

சபாஷ் என்றார்கள். விதியும் நன்றாகத்தான் வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. மாத்திரைத் தட்டுப்பாட்டுச் செய்தி போட்ட ஒருவர், "எங்க பக்கத்துக் கடையிலயும் இல்ல, நாலு நாளைக்குத்தான் இருக்கு" என்று எழுதினார். ஒரு மணி நேரத்தில் யாரோ ஒருவர் தன்னிடம் இருந்ததில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வெட்டிச் செய்திகள் தாமாகவே நின்றுபோயின. பேப்பர்காரர் மட்டும் நிற்கவில்லை. வெறும் இணைப்பு, மறுபடி வெறும் இணைப்பு.

"பென்சில் சார், விதியைப் படிச்சீங்களா? ரெண்டு வரி எழுதணும்."

"சரிங்க அக்கா. எழுதறேன்." கூடவே கும்பிடுகிற கைகள்.

மறுநாள் காலை நான்கு இணைப்பு. ஒரு வரி இல்லை.

"எழுதச் சொன்னேனே சார்?"

"எழுதிட்டேங்க அக்கா."

அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! கண்ணெதிரே காலியாக இருக்கிற இடத்தைக் காட்டி எழுதிவிட்டேன் என்கிறாரே! இப்படிப்பட்டவர்களைக் கவுன்ட்டரில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். கையில் ஒன்றும் இல்லாதவன்தான் பவ்யமாகப் பேசுவான். 'ஊமை ஊரைக் கெடுக்கும்' என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பாகிவிட்டது. யார் இந்த ஆள்? வலிப்பு அவருக்கா, அவர் வீட்டில் யாருக்காவதா? மாதக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார், ஒரு மாத்திரைப் பெயர்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. முதலில் ஏதோ மருத்துவமனைக்கு ஆள் பிடிக்கிறவர் என்று நினைத்தாள். பிறகு, இல்லை, இவ்வளவு செய்தி படிக்கிறவன் செய்தி எழுதுகிறவனாகத்தான் இருப்பான், நிருபர், நம் கதைகளைத் திரட்டுகிறான் என்று தீர்மானித்தாள். சந்தேகத்துக்குத் தீனி போடுகிற மாதிரி அவரிடமிருந்து தனியாக ஒரு கேள்வியும் வந்தது: "அக்கா, உங்க வீட்டில் யாருக்கு?"

சாதாரணக் கேள்விதான். அந்தக் குழுவில் ஒருவரை ஒருவர் முதலில் கேட்பதே அதுதான். ஆனால் குடையக்கா பயந்துவிட்டாள். அவள் குழுவில் யாரிடமும் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாரிடமும் 'சொல்லுங்க, சொல்லுங்க' என்பாளே தவிர, தன் பையை இறுக்கக் கட்டி மடியில் வைத்திருந்தாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? பதில் போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், கடைக்கு யாராவது வந்து உன்னைப் பத்தி விசாரிச்சாங்களா?"

"யாரும் வரலையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஒரு ஒல்லியான ஆளு வந்தாரு. ரொம்ப நேரம் உக்காந்து உக்காந்து பாத்தாரு. விலை கேட்டாரு, வாங்காம போயிட்டாரு."

"பாத்தியா!"

"அக்கா, சோபா கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான். கால் வலிக்குதுன்னு வந்து உக்காருவாங்க."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை, நடைமேடை பெருக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கைபேசியை எடுத்தாள். டீச்சரிடம் கேட்கவில்லை. "உங்க பொருள் எதுவும் இங்க இல்ல. நீங்க போகலாம்" என்று பேப்பர்காரருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, அவரைக் குழுவிலிருந்து நீக்கினாள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். குப்பையை வாசலுக்கு வெளியே தள்ளின நிம்மதி.

அந்த நிம்மதி நான்கே நாள்தான் இருந்தது. டீச்சர் ஏதோ உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தவர், திரும்பி வந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"என்னம்மா, பென்சிலைக் காணோம்?"

"நான்தான் டீச்சர் எடுத்தேன். அந்த ஆளு சரியில்ல. வெளியாளு."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"அவர் போடற செய்தியை வெச்சுத்தான். பூரா விளம்பரம். ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலை பாக்கறாரு."

"அதுல ஒண்ணையாவது திறந்து கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

குடையக்காவுக்குச் சுருக்கென்றது. படிக்கவில்லை. தலைப்பைப் பார்ப்பாள், எரிச்சல் வரும், தள்ளிவிடுவாள். அடுத்தவர் பையை அடிவரை கொட்டிப் பார்க்கிறவள், அந்த மனிதர் கொண்டுவந்து வைத்த ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுப்பாளா? "இப்பவே திறந்து காட்டறேன் பாருங்க. கீழ எங்கயாவது ஆஸ்பத்திரி பேரு இருக்கும்" என்றாள்.

போனை வைத்துவிட்டு, பழைய இணைப்பு ஒன்றைத் தட்டினாள். குழுவின் திரைக்குள்ளேயே பத்திரிகைப் பக்கம் திறந்தது. ஆஸ்பத்திரிப் பெயரைத் தேடிக் கீழே கீழே போனாள். செய்தி முடிந்தது. அதற்கும் கீழே, எழுதச் சொல்லி ஒரு வெள்ளைப் பெட்டி. குழுவில் எழுதுகிற பெட்டியைப் போலவே இருந்தது, அதே வட்ட ஓரம், அதே அம்புக்குறி. பத்திரிகை படிக்கிற யார் வேண்டுமானாலும் கருத்து எழுதுகிற பெட்டி அது. எழுதியதை ஊர் உலகமே படிக்கலாம். அதன் அடியில் ஒருவர் எழுதியிருந்தார்.

"குடையக்கா கேட்டாங்க, அதனால எழுதறேன். வலிப்பு எனக்கில்லீங்க, என் வீட்டுக்காரிக்கு. சின்னப் பிள்ளைங்க காப்பகத்துல வேலை. அங்க தெரியாது. தெரிஞ்சா வெச்சுக்க மாட்டாங்க. அதனாலதான் இத்தனை நாளா வாயைத் திறக்கல, மன்னிச்சுக்கணும். இந்தச் செய்தியில வர்ற பொம்பளைக்கும் அவ வயசுதான். அதான் போட்டேன்."

மேலே, கைபேசியிலிருந்து அந்தப் பெட்டி தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்ட முழுப் பெயர். பக்கத்தில் ஊர். அதற்கும் மேல், குடையக்கா நம்ப வேண்டுமே என்பதற்காக, "பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், யார்கிட்ட வேணா விசாரிக்கலாம்" என்று வேறு எழுதியிருந்தார், பாவி மனுஷன்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் சூட்கேஸ் தொலைந்துபோனதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குடையக்காவின் காதில் விழவில்லை. அடுத்த இணைப்பைத் திறந்தாள். அங்கேயும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. விதி போட்ட நாளிலிருந்து அந்த மனிதர் ஒவ்வொரு செய்திக்கும் எழுதியிருக்கிறார். எழுதிட்டேங்க அக்கா என்று சொன்னது சத்தியமான உண்மை. செய்தியைக் குழுவில் போடுவார், தட்டித் திறப்பார், அடியில் இருக்கிற பெட்டியில் மனதைக் கொட்டுவார். அது குழுவின் பெட்டி இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை.

அங்கே அவருக்குப் பதில்களும் வந்திருந்தன. 'இதையெல்லாம் எதுக்கு இங்க வந்து அழுதுட்டு இருக்கீங்க?' என்று ஒருவர். 'யாருங்க அந்தக் குடையக்கா?' என்று ஒருவர் சிரித்திருந்தார். இன்னொன்றைப் படித்ததும் குடையக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள். 'எந்தக் காப்பகம்? எங்க பிள்ளையையும் அந்த ஊர்லதான் விடறோம். கண்டுபிடிக்காம விட மாட்டேன்.'

அவள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நான்கு இடம் மாறி ஒரு பெண்ணின் குரல் கிடைத்தது. கண்ணியமான குரல்.

"அந்தக் கருத்தெல்லாம் உங்களோடதா மேடம்?"

"என்னோடது இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சவரோடது. அவசரமா எடுக்கணும்."

"எழுதினவங்கதான் எடுக்க முடியும் மேடம். இன்னொருத்தரோடதை நீங்க கேட்டு நாங்க எப்படி எடுக்கறது? நீங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாதே."

வாழ்நாள் பூராவும் தான் சொன்ன வார்த்தையை இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டுக்கொண்டாள். பேப்பர்காரருக்குச் செய்தி அனுப்பினாள், போய்ச் சேரவில்லை. மனிதர் குழுவோடு சேர்த்துச் செயலியையே கைபேசியிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது. கவுன்ட்டரைப் பார்சல் அறைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மதியமே பஸ் ஏறினாள்.

கடையைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. சந்தில் ஒரே ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு இயந்திரம், ஒரு பழைய கம்ப்யூட்டர், சூடான பிளாஸ்டிக் வாசனை. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் யாருடைய அடையாள அட்டையையோ பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியே இல்லை, நல்ல தொப்பை. சோபா கடைக்கு வந்தவர் யாரோ, அவர் பாவத்தை யார் சுமப்பது!

"என்ன வேணும்?" என்றார்.

"உங்ககிட்டக் கொஞ்சம் பேசணும்ணே."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். முகம் இறுகிவிட்டது. "காப்பகத்துலேருந்து வர்றீங்களா? அதான் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டீங்களே. அவ இனிமே அங்க வரமாட்டா. அப்புறமும் எதுக்கு வீடு தேடி, கடை தேடி வர்றீங்க?"

தாமதமாகிவிட்டது. குடையக்கா ஸ்டூலைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் காப்பகம் இல்லண்ணே. நான்தான் குடை."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் குடை?"

"க்ரூப்ல இருக்கற குடையக்கா."

"யார் வேணா வந்து அப்படிச் சொல்லலாம். நேத்து ஒருத்தன் வந்து தெரிஞ்சவன் மாதிரியே பேசினான், பாத்தா பத்திரிகைக்காரன். நீங்க குடையக்கான்னா அவங்க எனக்குக் கடைசியா எழுதினது என்னன்னு சொல்லுங்க."

சொல்லித்தானே ஆக வேண்டும். "உங்க பொருள் எதுவும் இங்க இல்ல, நீங்க போகலாம்னு எழுதினேன்" என்றாள். சொல்லும்போது அவரைப் பார்க்க முடியவில்லை.

அவள் தன் கைபேசியில் பத்திரிகைப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். பொறுமையாக, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். இது குழு. இதைத் தட்டினால் குழுவை விட்டு வெளியே போகிறோம். இது பத்திரிகை. இந்தப் பெட்டி தெருவில் இருக்கிறது.

"இது க்ரூப் இல்லையா?"

"இல்லண்ணே."

"அப்போ நான் எழுதினதை டீச்சரெல்லாம் படிக்கலையா?"

"யாரும் படிக்கல. நான் இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன்."

"அப்போ என்னைத் திட்டினவங்க?"

"யாரோ. வழியில போறவங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "க்ரூப்ல இருக்கறவங்கதான் திட்டறாங்கன்னு நினைச்சேன். அவங்கவங்களுக்கு ஆயிரம் கஷ்டம், எரிச்சல்ல ரெண்டு வார்த்தை சொல்லத்தான் செய்வாங்க, நம்ம ஆளுங்கதானேன்னு திரும்பத் திரும்ப எழுதினேங்க" என்றார்.

குடையக்கா அழுதாள். கவுன்ட்டருக்கு முன்னால் எத்தனையோ பேர் அழுது பார்த்தவள், தானும் ஒருநாள் அழுவோம் என்று நினைத்தும் பார்த்ததில்லை. அவர் பதறிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராக, தலையில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னண்ணே?"

"என் கொழுந்தியா. அதே காப்பகத்துல சமையல் வேலை. அவளைத் தவிர யாருக்குத் தெரியும், அவதான் போய்ச் சொல்லியிருப்பான்னு, வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். என் பொண்டாட்டியும் அவகிட்டப் பேசறதில்ல. கூடப் பிறந்தவ. 'நான் இல்ல மாமா, நான் இல்ல மாமா'ன்னு வாசல்ல நின்னு கத்தினா. கதவைச் சாத்தினேன்."

அவர் உடனே போன் போட்டார். மறுமுனையில் எடுத்தார்கள், ஆனால் யாரும் பேசவில்லை. "அம்மாடி, மாமாதான் பேசறேன்" என்றார். "நீ இல்லம்மா. நான்தான். நானே என் கையால ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன். உங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வரேன், கதவை மட்டும் திறம்மா." பதில் வந்ததா இல்லையா என்று குடையக்காவுக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, வேலை போனது போனதுதான், அதை விடுங்க என்றார். மனைவியின் வேலையைத்தான் சொன்னார்.

அவர் பத்திரிகைப் பக்கத்தில் இருந்த தன் கணக்கைக் கம்ப்யூட்டரில் திறந்தார். ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் அழிப்பதற்கு ஒரு குறி இருந்தது. குடையக்கா அதைக் காட்டி, "இதைத் தொடுங்க, போயிடும். மொத்தத்தையும் இப்பவே எடுத்துடலாம்" என்றாள்.

அவர் கை மவுஸின் மேல் இருந்தது, அசையவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? இதையெல்லாம் உங்களுக்குத்தான் எழுதினேன். யாருமே படிக்காம அழிக்கறதுக்கு மனசு வரல. நீங்க படிச்சிடுங்க. படிக்கப் படிக்க நான் அழிக்கறேன்."

படித்தாள். தலைப்பை மட்டும் பார்த்துத் தள்ளாமல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். காப்பகத்தில் பிள்ளைகள் மத்தியானம் தூங்கும்போது மாத்திரை மயக்கத்தில் மனைவியும் கண்ணசந்துவிடுவாளோ என்று அவர் பயந்தது இருந்தது. ஒருநாள் விழுந்து எழுந்தவள், தரையில் கிடந்தபடியே, "அடுப்புல பால் இருக்கு, இறக்குங்க" என்று சொன்னதும், அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததும் இருந்தது. "ம்" என்பாள் குடையக்கா. அவர் அழிப்பார். நகல் எடுக்க வந்த இரண்டு பேர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. அவரை நீக்குவதற்கு முந்தின நாள் எழுதியது. அதில் செய்தியைப் பற்றி ஒன்றுமே இல்லை.

"குடையக்கா, உங்ககிட்டத் தனியா ஒரு கேள்வி கேட்டேன், பதில் இல்ல. தப்பாக் கேட்டிருந்தா விட்டுடுங்க. எல்லார்கிட்டயும் கேக்கறீங்களே, உங்ககிட்ட யாரும் கேக்கறதில்லையேன்னுதான் கேட்டேன். உங்க வீட்லயும் யாரோ இருக்காங்க. அவங்க நல்லா இருக்காங்களா?"

குடையக்கா அதை இரண்டு தடவை படித்தாள். கடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருப்பாள்.

"தம்பிண்ணே. என் தம்பிக்கு" என்றாள். "நல்லா இருக்கான். சோபா தைக்கிறான்."

"அப்பாடா" என்று சொல்லி அவர் அதையும் அழித்தார்.